தந்தை பெயர் என்னும் கட்டம்

சட்டத்திலே ஒரு சொல்லை இட்டு ஒரு மக்கட் கூட்டத்தையே நாடற்றோர் ஆக்கிவிடலாம் என்பதற்கு மலையகமே சான்று. அச்சொல் 'தந்தை' என்பது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி, அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாளுக்கு முன் இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமாயின், அவர் தந்தை இந்நாட்டிற் பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்று சட்டம் கேட்கவில்லை. மணவுறவுக்குப் புறம்பே பிறந்த குழந்தைக்கு மட்டும், தந்தை என்ற சொல்லுக்குத் தாய் எனப் பொருள் கொள்க என்று ஒரு பிரிவு இடந்தந்தது. தந்தை இல்லாத இடத்தில்தான் சட்டத்தின் கண்ணுக்குத் தாய் தென்பட்டாள்!

குழந்தையின் கடவுச்சீட்டில் எந்தக் குடும்பப் பெயரை எழுதுவது, பெற்றோர் என்று யாரைக் குறிப்பது என்பன பற்றிய வழக்குகளைப் பல நாட்டு நீதிமன்றங்களும் விசாரித்துள்ளன. 'இவை வசதி படைத்தோர் வழக்குகள்; கொழுந்து பறிப்போருக்கு இவற்றால் ஆவதென்ன?' என்று நண்பர்கள் சிலர் வினவக்கூடும். மலையகத்தில் நின்று படிக்கும்போதே இத்தீர்ப்புகளின் நிறையும் குறையும் தெளிவாகும் என்பது நம் கருத்து.

முதலில் ஐரோப்பிய வழக்கொன்றை எடுத்துக்கொள்வோம். 1998இல், ஜெர்மன் குடியுரிமையுடைய பெற்றோருக்கு டென்மார்க்கில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தை பெயரையும் தாய் பெயரையும் இணைத்துக் குடும்பப் பெயராக அங்கே பதிந்தனர். அத்தகைய இணைப்புப் பெயரைத் தன் சட்டம் ஏற்காதென ஜெர்மனி மறுத்தது. குருங்கின்–பவுல் வழக்கு எனப்படும் இதில் ஐரோப்பிய நீதிமன்றம் 2008 அக்டோபரில் தீர்ப்பளித்தது. பிறந்த நாட்டின் பத்திரத்தில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் வேறொரு பெயருமாக இருப்பின், போகுமிடமெல்லாம் தான் யார் என்ற ஐயத்தை அக்குழந்தை நீக்கியாக வேண்டும். அத்தொல்லையைக் குடிமகன் தலையிற் சுமத்துவது அவனது நடமாடும் உரிமைக்குத் தடையாகும். இதுவே அத்தீர்ப்பின் சாரம். ஏடுகள் முரண்பட்டால் அதன் சுமை ஏட்டை எழுதிய அரசுக்கே உரியது என்று நாம் இதனை விளங்கிக்கொள்ளலாம்.

இதே அளவுகோலை நம் தோட்டங்களுக்குக் கொண்டுவருவோம். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று மரபில் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தே முன்னால் நிற்கும். தோட்டத்துத் தொழிலாளியோ அந்த எழுத்தையும் தானாக எழுதிக்கொண்டவரல்லர். செக்ரோலில் பெயர் எழுதியது தோட்டத்து அலுவலகம். பிறப்பை அறிவித்ததும் தோட்ட நிர்வாகம். ஓரேட்டில் முத்தாயி என்றிருப்பவள் இன்னோரேட்டில் மூக்காயி ஆகிவிட்டால், அது யார் பிழை? எழுதியவன் பிழையன்றோ! 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946 ஜனவரி 1க்கு முன் மணமானோர் 7 ஆண்டும் மணமாகாதோர் 10 ஆண்டும் இடையறாது இங்கு வதிந்ததை நிரூபிக்கச் சொன்னது. தாம் எழுதாத ஏடுகளைக் கொண்டே தம்மை நிரூபிக்கும் நிலை தொழிலாளருக்கு வந்தது. பெயரிலும் வயதிலும் கண்ட சிறு முரண்பாடும் அவர்களுக்கு எதிரான சாட்சியாயிற்று. 8 லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்தும், பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேரே. ஐரோப்பியக் குழந்தைக்குத் தொல்லை எனப்பட்டது நம் மக்களுக்கு நாடு பறிபோகும் காரணமாயிற்று.

அடுத்து இந்தியத் தீர்ப்புகள். அகெல்லா லலிதா வழக்கில், கணவர் இறந்தபின் மறுமணம் செய்த தாய், தன் குழந்தைக்குப் புதிய குடும்பத்தின் பெயரை இட்டார். இறந்தவரின் பெற்றோர் வழக்காடினர். பழைய பெயரையே மீட்க வேண்டும் என்றும், தாயின் கணவரை மாற்றுத் தந்தை என்று ஆவணங்களிற் குறிக்க வேண்டும் என்றும் உயர் நீதிமன்றம் பணித்தது. 2022 ஜூலையில் இந்திய உச்ச நீதிமன்றம் அதனைத் தள்ளியது. அவ்வாறு குறிக்கச் சொல்வது குழந்தையின் மனத்தைப் புண்படுத்தும் கொடுமை என்று கண்டது. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆயினும் அதன் அடித்தளத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். தந்தை இறந்தமையால் தாயே ஒரே இயற்கைக் காப்பாளர். ஆகவே பெயரிடும் உரிமை அவளுடையது என்பதே அதன் தருக்கம். தந்தை உயிரோடிருந்தால்? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழல் இங்கும் விழுகிறது. தந்தையின் இன்மையிலேயே தாயின் உரிமை எழுகிறது.

தனித்து வாழும் தாயின் மகளுக்குத் தந்தை பெயரின்றிக் கடவுச்சீட்டு வழங்கலாம் என்று டில்லி உயர் நீதிமன்றம் 2016 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. அதனினும் பெரிய மாற்றம் அவ்வாண்டு டிசம்பரில் வந்தது: பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தாற் போதும் என்று இந்தியக் கடவுச்சீட்டு விதியே திருத்தப்பட்டது. தீர்ப்பு வழக்காடியவருக்கு மட்டும் கதவைத் திறந்தது; விதி எல்லோருக்கும் திறந்தது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தபின்னரே தாய் வழியாகவும் பிரஜாவுரிமை இயல்பாகக் கிடைக்கலாயிற்று. அதே ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்தோருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. 1948க்கும் 2003க்கும் இடையே கழிந்தவை 55 ஆண்டுகள்!

நீதிமன்றத்தை மட்டும் நம்பியிருக்க இயலாது என்பதை மலையகம் முன்பே கற்றது. வாக்காளர் இடாப்பில் ஒரு பெயரை நிறுத்துவதற்காகக் கோடக்கன் பிள்ளை வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. 1953இல் அம்மன்றம் அச்சட்டங்கள் செல்லும் என்றே முடித்தது.

ஆகவே நாம் கேட்க வேண்டியது கருணையுள்ள தீர்ப்பன்று, நேரிய விதி. படிவத்திலே தாய் பெயரும் தந்தை பெயரும் சமமாக நிற்க வேண்டும். குடும்பப் பெயர் இல்லாதாரை இல்லாதவாறே ஏற்க வேண்டும். பத்திரங்களிடையே எழுத்து வேறுபட்டால், அதைத் திருத்தும் செலவும் அலைச்சலும் அலுவலகத்துக்கே உரியன ஆக வேண்டும். மலையகப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தார்கள். பின்னர் மத்திய கிழக்கு நாடுகளுக்கும் வீட்டுப்பணிக்குச் சென்றார்கள். அவர்கள் உழைப்பில் வளரும் பிள்ளையின் ஏட்டில் அவர்கள் பெயர் இரண்டாந்தரமாக நிற்பது எவ்வகை நியாயம்?

ஆசிரியத் தோழர்களுக்கு ஒரு சொல். நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பிள்ளையின் பெயர் இரண்டாம் முறை எழுதப்படும் இடம் பள்ளிக்கூடத்து இடாப்பே. பிறப்புச் சான்றிதழை அருகில் வைத்து, தாயிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு எழுதுவோம். பிழை கண்டால் அப்போதே பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். விதியை மாற்றும் போராட்டம் நெடியது. இந்த வேலையை வரும் ஜனவரிச் சேர்க்கையிலேயே தொடங்கிவிடலாம்.