பால் வந்த பிறகு வந்த வார்த்தை

கறுப்பு வெள்ளைப் படம். ஒன்றரை மணி நேரம்கூட ஓடாது. பாட்டு இல்லை, ஃபைட் இல்லை, கதாநாயகி என்று யாரும் இல்லை. ஒரு டாக்டர், ஒரு பையன், வீட்டைப் பார்த்துக்கொள்கிற ஓர் அம்மாள். பாதிப் படத்துக்கு டாக்டர் பாடம் நடத்திக்கொண்டே இருக்கிறார். ‘டியூஷன் சென்டருக்கா கூப்பிடறீங்க?’ என்று ஓடிவிடாதீர்கள். பிரெஞ்சு டைரக்டர் பிரான்சுவா த்ரூஃபோ 1970-ல் கொடுத்த படம். ஆங்கிலத்தில் ‘தி வைல்ட் சைல்ட்’. காட்டுப்பிள்ளை. மொழி என்பது மனுஷ மூளைக்குள் எப்படிப் போய் உட்காருகிறது என்ற கேள்வியை இதைவிட அழகாகக் கேட்ட சினிமாவை நான் பார்த்ததில்லை. பதிலைத்தான் தப்பான வீட்டில் போய்த் தேடுகிறது.

நிஜக் கதை. 1800 ஜனவரி. பிரான்ஸின் தெற்கே அவேரோன் பகுதியில் காட்டிலிருந்து வந்த ஒரு பையன் பிடிபடுகிறான். பதினொன்று, பன்னிரண்டு வயசு இருக்கலாம். பேச்சு கிடையாது. கழுத்தில் ஒரு பழைய வெட்டுத் தழும்பு. பாரிஸுக்குக் கொண்டு வருகிறார்கள். அந்தக் காலத்தின் பெரிய மனநல டாக்டர் பினேல் பார்த்துவிட்டு, ‘பிறவிக் கோளாறு, தேறாது’ என்று கைவிரிக்கிறார். 26 வயசு டாக்டர் ழான் இடார் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. மனுஷ சகவாசமே இல்லாமல் வளர்ந்ததுதான் குறை, சொல்லிக்கொடுத்தால் வரும் என்கிறார். விக்டர் என்று பெயர் வைத்து, சுமார் ஐந்து வருஷம் மல்லுக்கட்டுகிறார். 1801-லும் 1806-லும் அவர் எழுதிய இரண்டு அறிக்கைகள்தான் படத்துக்கு மூலம்.

இடாராக நடித்திருப்பவர் த்ரூஃபோவே. நடிப்பு என்று பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அளந்த குரல், விறைத்த முதுகு. வாத்தியாருக்கு அது போதும். விக்டராக வரும் ழான் பியர் கார்கோல் என்ற சிறுவன்தான் படத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறான். தம்ளரில் தண்ணீரை வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே தெரியும் மரங்களைப் பார்த்தபடி சொட்டுச் சொட்டாகக் குடிப்பான் பாருங்கள், அந்த ஒரு காட்சிக்காகவே ஒரு சாயங்காலத்தை ஒதுக்கலாம்.

விஷயத்துக்கு வருவோம். பால்.

விக்டருக்குப் பால் என்றால் உயிர். இடார் பால் கிண்ணத்தைக் காட்டி ‘லே’ என்கிறார். பிரெஞ்சில் பால். நீயும் சொல், சொன்னால்தான் தருவேன் என்று நிற்கிறார். பையன் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மனசு கேட்காமல் கொடுத்துவிடுகிறார். பால் கைக்கு வந்ததும் பையன் சந்தோஷமாக ‘லே’ என்கிறான்!

நாமாக இருந்தால் பக்கத்து வீட்டுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்திருப்போம். இடார் முகம் வாடிப் போகிறது. ஏன்? பால் வேண்டும் என்று கேட்பதற்கு அந்த வார்த்தை வரவில்லை. பால் வந்த பிறகு வந்தது. விசில் மாதிரி, சிரிப்பு மாதிரி, சந்தோஷத்தில் வந்த ஒரு சத்தம். கேட்பதற்கும் சொல்வதற்கும் பயன்பட்டால்தானே அது மொழி? 1801-லேயே ஒரு மனிதர் இந்த வித்தியாசத்தைப் பிடித்துக் குறித்து வைத்ததும், 1970-ல் இன்னொருவர் அதை ஒரு துளி மிகைப்படுத்தாமல் படமாக்கியதும் பெரிய சங்கதிகள். நம்மூர் டைரக்டர் என்றால் பின்னணியில் ஐம்பது வயலின் அழுதிருக்கும்.

கொஞ்ச நாளில் இன்னொன்று நடக்கிறது. பால் கிடைக்கும் ஒரு வீட்டுக்குப் போகும்போது, விக்டர் தானாகவே மர எழுத்துகளில் நான்கை எடுத்துப் போய் மேஜைமேல் அடுக்கிக் காட்டுகிறான். ப-ா-ல் என்று வைத்துக்கொள்ளுங்களேன். வாயால் வராதது கையால் வந்துவிட்டது. இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

த்ரூஃபோவின் படத்தில் மொழி என்பது பாடம். வாத்தியார் ஒரு பொருளைக் காட்டுவார், பெயரைச் சொல்வார், மாணவன் மனப்பாடம் செய்வான். சாவி, கத்தரிக்கோல், சீப்பு. தப்பென்றால் திரும்ப. ஆனால் எந்தக் குழந்தையாவது இப்படிப் பேசக் கற்றுக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

ஆறாம் வகுப்பிலோ ஏழிலோ நமக்கு வேற்றுமை உருபு நடத்தினார்கள். ஐ, ஆல், கு என்று தலையை ஆட்டி ஒப்பித்தோம். ஆனால் மூன்று வயசிலேயே ‘அம்மாவுக்கு’, ‘கடைக்கு’, ‘எனக்கு’ என்று அந்த நான்காம் வேற்றுமையைச் சரியாகப் போட்டுத்தான் மிட்டாய் வாங்கித் தின்றோம். யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. சுற்றி இருந்தவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மூளை உருவி எடுத்துக்கொண்டது.

இந்த உருவல் வேலை, வாய் திறப்பதற்கு எவ்வளவோ முன்னால் தொடங்கிவிடுகிறது. ஜேனட் வெர்க்கர் என்ற உளவியலாளர் 1984-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆங்கிலம் பேசும் வீட்டில் பிறந்த ஆறேழு மாதக் குழந்தைகளுக்கு ஹிந்தியின் ‘த’வையும் ‘ட’வையும் போட்டுக் காட்டினார். நமக்கும் இருக்கும் அதே த, அதே ட. குழந்தைகள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டன. ஒரு வயசு நெருங்கியதும் முக்கால்வாசிப் பேருக்கு முடியவில்லை. காது போய்விடவில்லை. இந்த வீட்டுக்கு இந்த வித்தியாசம் வேண்டாம் என்று மூளை கடையைக் கட்டிவிட்டது. (வெள்ளைக்காரர் ‘தமிழ்’ என்று சொல்லத் தவிப்பதைக் கேலி செய்யாதீர்கள். பாவம், தொட்டிலிலேயே முடிந்துபோன விவகாரம்.)

அப்படியானால் பன்னிரண்டு வயசு வரைக்கும் எந்த மொழியும் படாத மூளை? எரிக் லென்னபர்க் என்ற அறிஞர் 1967-ல் எழுதிய புத்தகத்தில், முதல் மொழிக்கு ஒரு கெடு உண்டு, பருவ வயசோடு அது முடிகிறது என்று வாதாடியிருந்தார். படம் வந்த அதே 1970-ல், நவம்பரில், லாஸ் ஏஞ்சலீஸ் பக்கம் 13 வயசுப் பெண் ஒருத்தி கண்டுபிடிக்கப்பட்டாள். குழந்தைப் பருவம் முழுக்க ஒரே அறையில், நாற்காலியோடு கட்டிவைக்கப்பட்டு, சத்தம் போட்டால் அடி வாங்கி வளர்ந்தவள். ஆராய்ச்சி உலகம் அவளுக்கு வைத்த புனைபெயர் ஜீனி. அவளை என்ன செய்யலாம் என்று கூடிய நிபுணர்கள் போட்டுப் பார்த்த படம் எது தெரியுமா? இதே ‘வைல்ட் சைல்ட்’தான்.

ஜீனி நூற்றுக்கணக்கில் வார்த்தைகளைக் கற்றாள். ஆனால் அவை வாக்கியமாகச் சேரவில்லை. பெயர்ச்சொல், பெயர்ச்சொல், ஒரு வினை. உருபு, காலம், கேள்வி எதுவும் ஒட்டவில்லை. பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கவனிப்பது மூளையின் இடது பக்கம். இவளுக்கு வலது பக்கம் கவனிப்பதாகச் சோதனைகள் காட்டின. லென்னபர்க் ஜெயித்துவிட்டார் என்று பாடப்புத்தகங்கள் எழுதிக்கொண்டன. எனக்கு அதில் சம்மதமில்லை. பத்து வருஷத்துக்கும் மேல் கட்டிப்போட்டு அடித்த பிள்ளைக்குப் பேச்சு வராததற்கு மொழி கேட்காததுதான் காரணம் என்று எப்படிப் பிரித்தெடுப்பது? 1974-ல் ஆராய்ச்சிப் பணம் நின்றது. அப்புறம் அவளை வீடு மாற்றி வீடு அனுப்பினார்கள். அதையும் சேர்த்துத்தானே எழுத வேண்டும்!

உருப்படியான சாட்சி வேறு இடத்தில் இருந்தது. கையால் பேசுகிறவர்களிடம்.

எலிஸா நியூபோர்ட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் காது கேளாத பெரியவர்களை மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தார். பிறந்ததிலிருந்தே சைகைமொழி பார்த்து வளர்ந்தவர்கள், நாலு முதல் ஆறு வயசுக்குள் பள்ளியில் கற்றவர்கள், பன்னிரண்டுக்குப் பிறகு கற்றவர்கள். எல்லோருக்கும் பல பத்து வருஷப் பழக்கம். வார்த்தைகளை வரிசைப்படுத்துவதில் மூன்று பேருக்கும் வித்தியாசமில்லை. சைகைக்குள்ளேயே வருகிற நுணுக்கமான இலக்கணத்தில்தான் தாமதமாக வந்தவர்கள் தடுமாறினார்கள். 1990-ல் வெளியானது இந்த ஆய்வு. இவர்களை யாரும் நாற்காலியில் கட்டிவைக்கவில்லை. ஆக, கெடு என்பது உண்மைதான். இன்னொன்று, சைகைமொழி பேசுகிறவருக்கு மூளையின் இடது பக்கம் அடிபட்டால், கை நன்றாக அசைந்தாலும் ‘பேச்சு’ குழறுகிறது. மூளைக்கு வேண்டியது மொழி. அது வாய் வழியாக வந்தாலும் சரி, கை வழியாக வந்தாலும் சரி.

*

இனி த்ரூஃபோவோடு என் சண்டை.

இடார் வேலை பார்த்தது எங்கே? பாரிஸில் உள்ள காது கேளாதோர் தேசியக் கல்விக்கூடத்தில். சைகைமொழியில் பாடம் சொல்லிக்கொடுத்து உலகப் புகழ் பெற்ற இடம் அது. நிஜ விக்டர் வளர்ந்தது அந்த வளாகத்தில்தான். ஜன்னலைத் திறந்தால் முற்றத்தில் அவன் வயசுப் பையன்கள் கைகளால் கதை பேசிக்கொண்டிருந்திருப்பார்கள், சண்டை போட்டிருப்பார்கள். அவனிடம் கையால் பேச இடார் முயலவே இல்லை. வாயால் பேசினால்தான் மனுஷன் என்று நினைத்தார். ஹார்லன் லேன் என்ற அறிஞர் 1976-ல் விக்டரைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இந்தக் கேள்வியை விடாமல் எழுப்புகிறார்.

படம் என்ன செய்கிறது? மற்ற பிள்ளைகள் விக்டரைச் சீண்டுவதை ஆரம்பத்திலேயே காட்டிவிட்டு, அவனை ஊருக்கு வெளியே டாக்டரின் சொந்த வீட்டுக்கு வண்டியேற்றிவிடுகிறது. வரலாற்றில் அப்படி ஒரு வீடு இல்லை. தோட்டம், அமைதி, ஓர் ஆசிரியர், ஒரு மாணவன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வண்டி கிளம்பும்போது, கதையில் விக்டருக்கு மொழி கிடைத்திருக்கக்கூடிய ஒரே முற்றமும் கழன்று போய்விடுகிறது. நான்கு மர எழுத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பால் கேட்கப் போன பையன் அவன். கை பேசத் தயாராக இருந்தது.

கையைக் கொடுத்திருந்தால் விக்டர் பேசியிருப்பான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வயசு ஏற்கெனவே தாண்டியிருந்தது. அவனுக்கு ஆட்டிசம் இருந்திருக்கலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. முயற்சியே நடக்கவில்லை என்பதைப் படம் மறைத்துவிட்டது, அதுதான் என் புகார். பாடத்தால் வராதது கூட்டத்தால் வரும் என்பதற்குப் பின்னால் நிகரகுவாவில் அத்தாட்சியே கிடைத்தது. 1977-க்குப் பிறகு மனாகுவா நகரப் பள்ளிகளில் காது கேளாத பிள்ளைகளை நூற்றுக்கணக்கில் சேர்த்தார்கள். டீச்சர்கள் உதட்டசைவைப் படிக்கச் சொல்லிக்கொடுத்துத் தோற்றார்கள். பிள்ளைகளோ விளையாட்டு நேரத்திலும் பஸ்ஸிலும் தங்களுக்குள் ஒரு புது சைகைமொழியையே உண்டாக்கிவிட்டார்கள். பின்னால் வந்து சேர்ந்த பொடிசுகள் அதற்கு இலக்கணம் கூட்டினார்கள்.

இது ஏதோ 1800-ல் முடிந்த சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். காது கேளாமல் பிறக்கும் பிள்ளைகளில், அமெரிக்கக் கணக்குப்படி, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கிற பெற்றோருக்குப் பிறக்கிறார்கள். இன்று காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் இருக்கிறது. நம்மூரில் அரசுக் காப்பீட்டிலேயே செய்கிறார்கள், நல்ல காரியம். கூடவே ஓர் அறிவுரையும் கிடைக்கும்: ‘கையால பேசப் பழக்கிடாதீங்க. அப்புறம் வாய்ப்பேச்சு வராது.’ ஆபரேஷனுக்கு முன்னால் காத்திருக்கும் மாதங்களிலும், கருவி பழகும் வரையிலும், அந்தப் பிள்ளையின் மூளைக்கு எந்த மொழி போய்ச் சேர்கிறது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கெடு நமக்காகக் காத்திருப்பதில்லையே.

இவ்வளவு திட்டிய பிறகும் சொல்கிறேன், படத்தைத் தவறவிடாதீர்கள். முக்கியமாக மதாம் கெரான் என்கிற அந்த அம்மாளைக் கவனியுங்கள். குளிப்பாட்டுகிறாள், ஊட்டுகிறாள். ‘அவனுக்குப் பிடித்த நடையையும் சாப்பாட்டையும்கூடப் பாடமாக்கிவிட்டீர்களே’ என்கிற பொருளில் டாக்டரையே கடிந்துகொள்கிறாள். டாக்டரைவிட அவளுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஓடிப்போன விக்டர் திரும்பி வருவதோடு, நாளைக்குப் பாடம் தொடரும் என்ற நம்பிக்கையோடு படம் முடிந்துவிடுகிறது. நிஜத்தில் டாக்டர் சில வருஷத்தில் கைவிட்டார். 1828-ல் இறக்கும் வரைக்கும் விக்டர் இருந்தது மதாம் கெரானிடம்தான்.

இடாரின் இரண்டாவது அறிக்கையில் ஒரு சம்பவம் உண்டு. த்ரூஃபோ ஏனோ அதை எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டில் சாப்பாட்டு மேஜையில் தட்டு வைப்பது விக்டரின் வேலை. மதாம் கெரானின் கணவர் இறந்துபோகிறார். அன்றைக்கும் விக்டர் வழக்கம்போல அவருக்கும் சேர்த்துத் தட்டு வைக்கிறான். அதைப் பார்த்ததும் அந்த அம்மாள் உடைந்து அழுகிறாள். விக்டர் அவளைப் பார்க்கிறான், தட்டை எடுக்கிறான், கொண்டுபோய் அலமாரியில் வைக்கிறான். மறுநாளிலிருந்து அந்தத் தட்டை அவன் எடுக்கவேயில்லை.