எந்தப் பணிக்கு எந்தக் காலிபர்: 9 மி.மீ., .40, .22, .44 ஓர் ஒப்பீடு

கைத்துப்பாக்கித் தோட்டாக்களை ஒப்பிட மூன்று அளவுகள் போதும்: சன்னத்தின் விட்டம், அதன் எடை, குழல்வாயை விட்டுப் புறப்படும் வேகம். எடையையும் வேகத்தையும் பெருக்கினால் கையில் விழும் உதைப்பு எவ்வளவு என்று தெரியும். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் சன்னம் கொண்டுசெல்லும் ஆற்றல் கிடைக்கும். இவை இரண்டும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. காலிபரைத் தேர்வதில் உள்ள சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

கனடாவில் இந்தத் தேர்வைச் சட்டமும் வெகுவாகக் குறுக்கியிருக்கிறது. 2022 ஒக்டோபர் 21 முதல் தனியாள் ஒருவர் புதிதாகக் கைத்துப்பாக்கி வாங்கவோ கைமாற்றவோ முடியாது. 2023 டிசம்பரில் நிறைவேறிய சி-21 சட்டம் இந்தத் தடையை உறுதிசெய்தது. ஏற்கெனவே வைத்திருப்போர் உரிமத்துடன் தொடர்ந்து வைத்திருக்கலாம். இதனால் ரொறன்ரோவில் காலிபர் பற்றிய கேள்வி பெரும்பாலும் மூன்று தரப்பினருக்கே உரியது: பொலிஸார், போட்டிச் சுடுநர், கரடி நடமாடும் தொலைகாட்டில் தொழில் செய்வோர்.

கடமைக்கு: 9 மி.மீ.

1902இல் கேயோர்க் லூகர் வடிவமைத்த 9 மி.மீ. தோட்டாவுக்கும் ரொறன்ரோவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 முதல், ஸ்ட்ராக்கன் அவெனியூவில் இருந்த ஜோன் இங்லிஸ் ஆலை சுமார் 1,50,000 பிரவுனிங் ஹைபவர் பிஸ்டல்களைச் செய்தது. 13 தோட்டா கொள்ளும் மகசினுடன் வந்த அந்தப் பிஸ்டலைக் கனடியப் படையினர் அடுத்த நூற்றாண்டிலும் பயன்படுத்தினர்.

பொலிஸாரின் பாதை வேறாக இருந்தது. 1990களில் ஒன்ராறியோ பொலிஸார் .38 ரிவால்வரைக் கைவிட்டபோது ரொறன்ரோ பொலிஸ் .40 காலிபர் கிளொக் 22ஐ எடுத்துக்கொண்டது. .40 பிறந்ததற்கு ஒரு பின்னணி உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் கொள்ளையருடன் நடந்த துப்பாக்கிச் சண்டையில் எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தனர். கொள்ளையரில் ஒருவரைத் தாக்கிய 9 மி.மீ. சன்னம் இதயத்தை எட்டாமலே நின்றுவிட்டது. அதன் பின் எஃப்.பி.ஐ. கடுமையான ஊடுருவல் சோதனையை வகுத்தது: 10 சதவீத ஜெலட்டின் கட்டிக்குள் சன்னம் 30 முதல் 45 செ.மீ. வரை செல்ல வேண்டும். தடித்த துணி, ஒட்டுப்பலகை, கார்க் கண்ணாடி ஆகியவற்றைக் கடந்த பின்னும் அந்த ஆழத்தை எட்ட வேண்டும். இந்தத் தேடலில் முதலில் 10 மி.மீ. தேர்வாயிற்று. பலருக்கு அதன் உதைப்பு மிகுதியாக இருந்ததால் 1990இல் .40 வந்தது.

எண்களை அருகருகே வைத்தால் வேறுபாடு விளங்கும். 8 கிராம் எடையுள்ள 9 மி.மீ. சன்னம் நொடிக்கு 350 மீற்றர் வேகத்தில் ஏறத்தாழ 490 ஜூல் ஆற்றலுடன் செல்கிறது. 11.7 கிராம் .40 சன்னம் 300 மீற்றர் வேகத்தில் கொண்டுசெல்வது 525 ஜூல் அளவில்தான். ஆற்றல் 7 சதவீதம் கூடும்போது உதைப்பு 25 சதவீதம் கூடுகிறது. சுடுபவர் இதை உடனே உணர்வார்: குழல்முனை வெடுக்கென்று மேலெழும், குறிக்காட்டி மீண்டும் இலக்கில் வந்து நிற்க நேரம் கூடும், இரண்டாவது குண்டு தாமதிக்கும். மகசினும் இழப்பையே காட்டுகிறது. ஒரே உடலளவு கொண்ட கிளொக் 17இல் 9 மி.மீ. தோட்டா 17 அடங்கும், கிளொக் 22இல் .40 தோட்டா 15தான் அடங்கும்.

இப்போதைய குழிமுனைச் சன்னங்கள் ஜெலட்டினில் சீராக விரிந்து, தேவையான ஆழத்தையும் எட்டுகின்றன. 9 மி.மீ.யின் பழைய குறை அதனால் நீங்கியது. 2010களின் நடுவில் எஃப்.பி.ஐ. 9 மி.மீ.க்குத் திரும்பியது. ஒன்ராறியோ மாகாணப் பொலிஸும் .40 சிக் சாவரை விட்டு 9 மி.மீ. கிளொக்குக்கு மாறியது. நெருக்கடியில் இலக்கில் படும் சன்னமே பயன் தரும். குறி தவறியது, எவ்வளவு பெரிதானாலும், தெருவில் நிற்பவருக்கு ஆபத்து.

இலக்குச் சுடுதலுக்கு: .22

2.6 கிராம் எடையும் 120 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் கொண்ட .22 எல்.ஆர். தோட்டாவின் உதைப்பு, 9 மி.மீ.யினதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது. விசையை இழுக்கும் விரலின் பிழையை உதைப்பு மறைக்காததால் பயிற்சியில் குறை அப்படியே வெளிப்படும். ஒலிம்பிக் 25 மீற்றர் பிஸ்டல் போட்டிக்கு உரிய காலிபரும் இதுவே. நின்று நிதானமாகச் சுடும் பகுதியில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மி.மீ.; விசையின் இழுப்பு 1000 கிராமுக்குக் குறையக் கூடாது. 2015 பான் அமெரிக்க விளையாட்டில் துப்பாக்கிச் சுடுதல் ரொறன்ரோவுக்கு வடக்கே இனிஸ்ஃபிலில் நடந்தது.

ஒலிம்பிக், பாராலிம்பிக் பிரிவுகளில் போட்டியிடும் உயர்நிலைச் சுடுநருக்குச் சி-21 சட்டம் விலக்கு அளிக்கிறது. புதிதாகப் பழகுபவருக்கு வழி காற்றுத்துப்பாக்கிதான். நொடிக்கு 152.4 மீற்றர் வேகத்தையும் 5.7 ஜூல் ஆற்றலையும் தாண்டாத 4.5 மி.மீ. பிஸ்டலுக்கு உரிமம் வேண்டியதில்லை. 10 மீற்றர் ஒலிம்பிக் போட்டியும் இதே 4.5 மி.மீ. அளவில்தான் நடக்கிறது.

கைத்துப்பாக்கிகளில் .25, .32 காலிபர்களும், குழல் 105 மி.மீ. அல்லது அதற்குக் குறைந்தவையும் 1998 முதலே தடைப் பட்டியலில் உள்ளன. சர்வதேசப் போட்டிக்குரிய குறிப்பிட்ட சில .32 பிஸ்டல்கள் மட்டும் விலக்குப் பெற்றவை.

காட்டு விலங்குக்கு: .44, ஆனாலும் போதாது

கரடிக்கு முன் கணக்கு தலைகீழாகிறது. கடமைக்கான சன்னம் விரிய வேண்டும். தடித்த தசையையும் எலும்பையும் கடக்க வேண்டிய சன்னம் விரியாமல், கெட்டியான ஈயக் கட்டியாக ஆழச் செல்ல வேண்டும். 15.6 கிராம் சன்னத்தை 430 மீற்றர் வேகத்தில் அனுப்பும் .44 மெக்னம் 1,440 ஜூல் அளவைத் தருகிறது; 10 மி.மீ. ஏறத்தாழ 860. சாதாரண 12 கேஜ் வேட்டைத் துவக்கின் ஒற்றைக் குண்டோ 3,200 ஜூலைத் தொடுகிறது. .44இன் உதைப்பு 9 மி.மீ.யினதைப் போல் இரு மடங்குக்கும் மேல். பாய்ந்து வரும் விலங்கை நோக்கி அடுத்தடுத்துக் குறிவைக்கப் பலராலும் முடியாது.

ரொறன்ரோவிலிருந்து அல்கொன்குவின் பூங்காவுக்கு முகாமிடச் செல்பவருக்கு இந்த ஒப்பீடு ஏட்டளவில்தான். தொலைகாட்டில் தொழில் செய்வோருக்கும் உரிமம் பெற்ற பொறிவேட்டையருக்கும் மட்டுமே கைத்துப்பாக்கி ஏந்தும் அனுமதி கிடைக்கும். ஆபத்து இல்லாமல் இல்லை: 1991 ஒக்டோபரில் ஒபியொங்கோ ஏரித் தீவொன்றில் கருங்கரடி இருவரைக் கொன்றது. ஆனால் தோமஸ் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ குழுவின் 2008 அலாஸ்கா ஆய்வில், மிளகாய்ச்சாறு தெளிப்பான் கருங்கரடிகளை 90 சதவீதமும் பழுப்புக் கரடிகளை 92 சதவீதமும் தடுத்தது. அதே குழு 2012இல் துப்பாக்கி ஏந்தியவர்களை ஆராய்ந்தபோது, அதைப் பயன்படுத்தியோருக்கும் பயன்படுத்தாதோருக்கும் காயமடையும் விகிதத்தில் வேறுபாடு காணவில்லை.

முடிவு

கடமைக்கு 9 மி.மீ. இன்று தெளிவான தேர்வு, ஏற்கெனவே .40 வைத்திருப்பவர் அதை மாற்ற அவசரப்பட வேண்டியதில்லை. இலக்குக்கு .22 அல்லது 4.5 மி.மீ. காற்றுத்துப்பாக்கி. அனுமதி பெற்ற காட்டுத் தொழிலாளி நீள்துப்பாக்கியை ஏந்த முடியாத வேளைக்கு .44 அல்லது 10 மி.மீ. மற்ற எல்லோருக்கும் இடுப்பில் தெளிப்பான், மரக்கிளையில் உயரத் தூக்கிக் கட்டிய உணவுப் பை.