சமன்பாடு காட்டும் அலையும் ஆய்வகம் காணும் அலையும்

சிங்கப்பூரின் துவாஸ் கப்பல்தளங்களில் உருவாகும் எண்ணெய்த் துளைப்பு மேடைகளுக்குத் தனியலை (சாலிட்டான்) என்பது வெறும் ஏட்டுக் கணக்கு அன்று. அந்தமான் கடலின் ஆழத்தில் உருக்குலையாமல் நகர்ந்து மேடைகளைத் தாக்கக்கூடிய இத்தகைய பேரலைகளை அளந்து, தனியலைச் சமன்பாட்டோடு ஒப்பிட்டு, ஆய்வாளர்கள் ஆஸ்போர்னும் பர்ச்சும் 1980இல் வெளியிட்டனர். கணக்கை அளவீட்டின் முன் நிறுத்தும் அந்த ஒழுங்கு, மீக்குளிர் அணுவாயுக்களின் சாலிட்டான் ஆய்வில் எவ்வளவு பேணப்படுகிறது?

பொதுவாக அலைத்துடிப்பு போகப்போகப் பரந்து கரையும். அணுக்கள் ஒன்றையொன்று ஈர்த்தால் அந்தப் பரவல் தடைபட்டு, துடிப்பு வடிவம் மாறாமல் ஓடும். விலக்கினால், அடர்த்தியில் விழும் பள்ளமே தனியலையாக நகரும். கிராஸும் பித்தாயெவ்ஸ்கியும் 1961இல் தந்த சமன்பாடு இரண்டையும் விளக்குகிறது. 1999இல் ஹானோவரில் பள்ள வகையும், 2002இல் ரைஸ் பல்கலைக்கழகத்திலும் பாரிசிலும் லித்தியம் அணுக்களில் மேட்டு வகையும் கண்ணுக்குத் தெரிந்தன. எளிய ஒரு சமன்பாட்டுக்கு இது பெரிய வெற்றி.

அதன் இன்னொரு வலிமையைத் திருச்சியில் காணலாம். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் லட்சுமணன் நேரிலா இயக்கவியலுக்கு ஒரு மரபையே வளர்த்தார். 1997இல் அவர் ராதாகிருஷ்ணன், ஹியெட்டாரிண்டா ஆகியோருடன், இதே வகைச் சமன்பாட்டுக்கு உட்படும் ஒளியிழைகளில் மோதும் இணைத் தனியலைகள் தம் செறிவைப் பங்கிட்டுக்கொள்ளும் என்று காட்டினார். அங்குள்ள முருகானந்தமும் பிரேசிலைச் சேர்ந்த அதிகாரி என்ற இயற்பியலாளரும் 2009இல் கிராஸ்-பித்தாயெவ்ஸ்கி சமன்பாட்டைத் தீர்க்கும் கணினி நிரல்களை எல்லாருக்கும் வெளியிட்டனர். விலையுயர்ந்த லேசர் மேசை இல்லாத மாணவருக்கும் உலக ஆய்வின் கதவு திறந்தது.

குறையும் இந்த எளிமையிலிருந்தே பிறக்கிறது. நிரலில் எந்த எண்ணை இட்டாலும் ஏதோ ஒரு விடை வரும். அணுக்களை அடைத்துவைக்கும் பொறியின் வடிவமும் அவற்றின் இடைவினையும் தீர்வுக்கு ஏற்றபடி காலத்தோடு மாறுவதாகக் கொண்டு, அழகிய விடைகளை அடுக்கும் கட்டுரைகள் பல. அவற்றை எந்த ஆய்வகத்தில் எப்படிச் செய்துபார்ப்பது என்ற பேச்சு அவற்றில் அரிது. குவாண்டம் ஏற்ற இறக்கத்தையும் வெப்பத்தையும் சமன்பாடு கணக்கில் கொள்வதில்லை. அணுத்தொகுதி சுருங்கிக் குலையும் என்று அது சொன்ன நிலையில், 2016இல் ஸ்டுட்கார்ட்டில் டிஸ்ப்ரோசியம் துளிகள் குலையாமல் நின்றன. விடுபட்ட ஏற்ற இறக்கமே அவற்றைத் தாங்கிப் பிடித்தது.

ஆய்வகப் படமும் ஏமாற்றக்கூடும். எம்ஐடி குழு 2013இல் ஃபெர்மி மீப்பாய்மத்தில் கோட்பாடு சொன்னதைவிடப் பன்மடங்கு கனமான சாலிட்டானைக் கண்டதாக அறிவித்தது. அது உண்மையில் ஒரு சுழி என்று அடுத்த ஆண்டே அக்குழுவே நிறுவியது. கணக்கும் அளவீடும் முரண்பட்டதை மூடிமறைக்காததால் கிடைத்த உண்மை அது.

இந்தச் சமன்பாட்டைக் கைவிட வேண்டியதில்லை. எல்லை சொல்லாமல் பயன்படுத்தும் வழக்கத்தைத்தான் கைவிட வேண்டும். எத்தனை அணுக்கள், என்ன வெப்பநிலை, எந்தப் பொறி, எந்த அளவுக்கு மேல் இவ்விடை பொய்க்கும் என்பவை ஒவ்வொரு கட்டுரையிலும் இடம்பெற வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2007 முதல் குவாண்டம் தொழில்நுட்ப மையம் இயங்குகிறது. திருச்சியில் கணக்குத் திறன் இருக்கிறது. இரு ஊர் இளம் ஆய்வாளர்களும் கைகோத்து, தாளில் உள்ள தனியலைகளை ஆய்வகத்தில் சோதிக்க முன்வர வேண்டும்.