நூற்பதிப்பும் பிற வணிகங்களும்: ஒரு மறுநோக்கு

நூல் வணிகம் பிற வணிகங்களைப் போன்றதன்று என்னும் கூற்று நெடுங்காலமாக வழங்கி வருகிறது. நம் மேடைகளில் அது பெரும்பாலும் ‘பதிப்பு ஒரு தொண்டு’ என்னும் பெருமித உரையாகவே ஒலிக்கிறது. வேறுபாடு உண்மையில் எங்குள்ளது என்பதை இங்கு நோக்குவோம்.

பிரித்தானியாவில் இக்கூற்று நீதிமன்றத்திலேயே சோதிக்கப்பட்டது. பதிப்பாளர் குறித்த விலைக்குக் குறைவாக நூலை விற்கலாகாது என்னும் உடன்படிக்கை அங்கு 1900 முதல் நடைமுறையில் இருந்தது. விலைப்போட்டி எழுந்தால், மெல்ல விற்கும் நூல்களையும் இருப்பில் வைக்கும் கடைகள் நலியும் என்ற வாதம் ஏற்கப்பட்டு, 1962இல் உடன்படிக்கை அனுமதிக்கப்பட்டது. பெரிய விற்பனை நிறுவனங்களும் பதிப்பகங்கள் சிலவும் விலகவே, 1995இல் அது செயலிழந்தது. 1997இல் நீதிமன்றமும் அதனை நீக்கியது. பிரான்சோ 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி நிலையான விலையைக் காத்து வருகிறது. ஆகவே நூலின் தனித்தன்மை தானாக நிலைப்பதன்று. ஒரு சமூகம் அதற்கெனச் செய்யும் ஏற்பாட்டைப் பொறுத்தது.

மலேசியத் தமிழ்ச் சமூகத்தின் ஏற்பாடு யாது? இங்கு விலைப்போட்டி முதன்மைச் சிக்கலன்று. பெரும்பாலும் நூலாசிரியரே முதலீட்டாளர். வெளியீட்டு விழாவே சந்தை. முதல் நூல் பெறும் பிரமுகரும் பிறரும் அளிக்கும் தொகை அச்சுச் செலவை ஈடுசெய்கிறது. அத்தொகை இன்றேல் பல நூல்கள் அச்சேறியிரா என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், பிற வணிகங்களில் விலை கொடுத்தவர் மீண்டும் வருவதும் வாராமையும் பொருளின் தரத்தை உணர்த்தும். இங்கோ உறையில் பணம் தருபவர் வாசகராக இருக்கவேண்டியதில்லை. விழா வெற்றி பெற்றும் நூல் வாசிக்கப்படாமற் போகலாம். நம் பதிப்புலகின் உண்மையான வேறுபாடு இதுவே.

பொருளுதவி நாடுவது தமிழ்ப் பதிப்புக்குப் புதிதன்று. உ.வே. சாமிநாதையரும் சீவகசிந்தாமணிக்குக் கையொப்பத் தொகை பெற்றார். ஆயின் 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரின் வினாவால் தூண்டப்பட்ட அவர், சுவடிகளை ஒப்புநோக்கி 1887இலேயே அதனை வெளியிட்டார். பணம் பிறர் தந்ததாயினும் பதிப்புப்பணி பதிப்பாசிரியருடையதாக இருந்தது. நம் நூல்கள் பலவற்றில் அப்பணிதான் விடுபடுகிறது. கையெழுத்துப்படி செம்மையாக்கப்படாமலேயே அச்சகம் செல்கிறது.

தேவைக்கேற்ப அச்சிடும் முறையும் மின்னூலும் இன்று ஐம்பது படிகளைக்கூட இயலுமாக்கியுள்ளன. இம்மாற்றம் அச்சுச் செலவைக் குறைக்கிறதேயன்றித் தேர்வையும் செம்மையாக்கத்தையும் வாசகரிடம் சேர்ப்பித்தலையும் தானே செய்துவிடாது. மிச்சமாகும் தொகை இம்மூன்றுக்கும் செலவிடப்படாவிடின், வாசிக்கப்படாத நூல்கள் எளிதாகப் பெருகும். இச்சூழலில், நூலைப் படித்து மாணவர்க்கும் அதன் குறைநிறைகளை எடுத்துரைக்கும் தமிழாசிரியரின் பங்கு எந்தப் புரவலரின் கொடைக்கும் குறைந்ததன்று. முதற்பதிப்பை விழா விற்றுத் தரலாம். இரண்டாம் பதிப்பை வாசகர் மட்டுமே கேட்க முடியும்.