எல்லைக்கு அந்தப் பக்கம் ஓடிய படம்

மணவூர், திருத்தணி பக்கத்துக்காரர்களுக்கு ஆந்திரா கூப்பிடு தூரம். 2013 ஜனவரி கடைசியில் கமல்ஹாசனின் 'விஸ்வரூபம்' அந்தப் பக்கம் தெலுங்கில் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் 144 தடை. தணிக்கை வாரியம் யு/ஏ சான்றிதழ் கொடுத்த படம் அது. 24 முஸ்லிம் அமைப்புகள் எதிர்த்தன, மாவட்ட ஆட்சியர்கள் இரண்டு வாரத்துக்குத் தடுத்தார்கள். உயர் நீதிமன்றத் தனி நீதிபதி 29ஆம் தேதி தடையை நீக்க, மறுநாளே டிவிஷன் பெஞ்ச் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. பிப்ரவரி 2ஆம் தேதி பேச்சுவார்த்தை. ஏழு இடங்களில் வெட்டும் ஒலிநீக்கமும். 7ஆம் தேதி படம் வெளியானது.

கருத்துச் சுதந்திரமா, இஸ்லாமிய உணர்வா என்று கேட்டாலே டென்மார்க் கேலிச்சித்திரங்களையும் பாரிஸின் ஷார்லி எப்தோ இதழையும் இழுத்து வருகிறோம். அங்கே சண்டை நபிகளை வரைவது பற்றியது. இங்கே எழுந்த மனக்குறை வேறு. 'ரோஜா' (1992) தொடங்கி 'துப்பாக்கி' (2012) வரை, தொழுகிற மனிதன் திரையில் வந்தால் அடுத்துக் குண்டு வெடிக்கும் என்று நம்மைப் பழக்கிய சினிமா இது. வாடகைக்கு வீடு தேடிப் போகும் முஸ்லிம் இளைஞன்தான் அதற்கு விலை கொடுக்கிறான். இந்தக் கோபத்தை மதவெறி என்று ஒதுக்குவது பெரிய அநியாயம்.

பேசித் தீர்க்கும் நம் வழக்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. 2015 ஜனவரியில் ஷார்லி எப்தோ அலுவலகத் தாக்குதலில் 12 பேர் செத்தார்கள். இங்கே எதிரெதிர்த் தரப்பினர் ஒரே அறையில் உட்கார்ந்தார்கள். அதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் எதை வைத்துப் பேசினார்கள்? 524 திரையரங்குகளுக்குக் காவல் போட 56,000க்கும் அதிகமான போலீசார் தேவை, அது முடியாது என்றார் முதல்வர் ஜெயலலிதா. 'ஒரே ஒரு கிராமத்திலே' வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: கலவரம் வரும் என்ற மிரட்டலுக்காகப் பேச்சுரிமையை நசுக்கக் கூடாது, அதைக் காப்பது அரசின் கடமை. தமிழ்ப் படம் ஒன்றுக்காகவே வந்த அந்தத் தீர்ப்பைத் தமிழ்நாட்டு அரசே ஓரங்கட்டியது. படம் சரியா தவறா என்ற கேள்வி போய், யாரால் தெருவை மறிக்க முடியும் என்ற கணக்கு வந்துவிட்டது. 'மாதொருபாகன்' நாவல் எழுதிய பெருமாள்முருகனை 2015 ஜனவரியில் நாமக்கல்லில் பணியவைத்ததும் இதே கணக்குதான். அங்கே மதம் வேறு, சாதி வேறு, முறை ஒன்றே.

ஏழு வெட்டுகளால் அந்த இளைஞனுக்கு வீடு கிடைத்துவிடவில்லை. திரைக்கதை எழுதும் இடத்தில் முஸ்லிம்கள் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. விமர்சனமும் மாற்றுப் படமும் வர வேண்டிய இடத்தில் கத்தரி வந்து நின்றது.

இந்த வழக்கத்தில் எனக்கு மிகவும் வலிப்பது இன்னொன்று. தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூல் 'மைலாஞ்சி' தொகுப்புக்காக எதிர்ப்பைச் சந்தித்தார். 2007இல் ஒரு கட்டுரைக்காக ஊர்விலக்கம் செய்யப்பட்டார். அவரும் முஸ்லிம்தான், அவருக்கும் புண்படும் மனம் இருந்தது. எந்தப் பேச்சுவார்த்தையிலும் அவரைப் போன்றவர்களுக்கு நாற்காலி போடுவதில்லை. அமைப்புகளை மட்டும் அழைத்துச் சமூகத்தின் குரலாக ஏற்கும் அரசு, உள்ளேயிருந்து கேள்வி கேட்பவர்களைக் கைவிட்டுவிடுகிறது.