சமக்குறி சமாசாரம்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பக்கத்து வீட்டுப் பையன், தன் கட்டுரையைத் திருத்தித் தரச் சொன்னான். அம்மாவைப் பற்றி உருக்கமாக ஆரம்பித்திருந்தான். 'மை மதர் இஸ் எ ஹோம்லி லேடி.'

நம் ஊர் கல்யாண விளம்பரங்களில் 'ஹோம்லி' என்றால் குடும்பப் பாங்கு. இங்கிலாந்தில், எளிமையான, வீட்டில் இருப்பது போன்ற என்று பொருள். அமெரிக்காவில்? 'பார்க்க லட்சணமாக இல்லாத' என்று அர்த்தம்!

''உங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சோறு கிடைக்காதுப்பா'' என்றேன்.

''புக்லதான் சார் போட்டிருக்கு'' என்று ஒரு பாக்கெட் புத்தகத்தை நீட்டினான். 'சிம்பிள் = ப்ளெயின் = ஹோம்லி'.

பிளாட்பாரத்தில் விற்கும் இந்த சினானிம் புத்தகங்களின் மேல் என் புகார், அந்தச் சமக்குறிதான். எந்த மொழியிலும் இரண்டு வார்த்தைகள் முழுசாகச் சமமாக இருப்பது அபூர்வம். மாமனாரை 'த்ரிஃப்டி' என்று சொல்லுங்கள், மகிழ்வார். 'ஸ்டிஞ்சி' என்றால் தலை தீபாவளிக்குக் கூப்பிட மாட்டார். முன்னது சிக்கனம், பின்னது கஞ்சத்தனம். புத்தகத்தில் இரண்டும் ஒரே வரியில்!

இவற்றுக்கெல்லாம் பெரிய தாத்தா, பீட்டர் மார்க் ரோஜே என்னும் ஆங்கிலேய டாக்டர். அவருடைய 'தெஸாரஸ்' 1852-ல் வெளிவந்தபோது அவருக்கு 73 வயது. வார்த்தைகளை அகர வரிசையில் அடுக்காமல், ஆயிரம் தலைப்புகளில் கருத்து வாரியாகத் தொகுத்தார். நம் திவாகரம், பிங்கலம் போன்ற நிகண்டுகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே செய்த காரியம்தான். ரோஜே அர்த்தம் எதுவும் தரவில்லை. தெரிந்த வார்த்தை நாக்கு நுனியில் நிற்கும்போது பிடித்துக் கொடுப்பதே அவர் நோக்கம். அதாவது, அது ஆங்கிலம் அறிந்தவர்களுக்கான புத்தகம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு இன்டர்வியூவுக்குப் போகிறவன் அர்த்தம் தெரியாமல் அதிலிருந்து வார்த்தை பொறுக்கினால், கண்ணைக் கட்டிக்கொண்டு மருந்துக்கடையில் மாத்திரை எடுப்பது போல.

ஸ்லாங் இன்னும் ஆபத்து. இளவட்டங்கள் 'ஸிக்' என்றால் உடம்பு சரியில்லை என்று பதறாதீர்கள், 'பிரமாதம்' என்கிறார்கள். அதை அறுபது வயதில் நீங்கள் சொன்னால் டாக்டரிடம் அழைத்துப் போவார்கள். கொச்சை வார்த்தைகள் சிலசமயம் கெளரவமும் அடையும். 'மாப்' என்ற வார்த்தையை ஜோனதன் ஸ்விஃப்ட் 1710-ல் கரித்துக் கொட்டினார். இன்று செய்தித்தாள்கள் அதைத் தலைப்பிலேயே போடுகின்றன.

என் சிபாரிசு: அர்த்தத்தோடு உதாரண வாக்கியமும் தரும் அகராதியாகப் பார்த்து வாங்குங்கள். வாக்கியத்தில் சந்திக்காத வார்த்தையை நம்பாதீர்கள், நேரில் பார்க்காத சம்பந்தியைப் போல.

பையனிடம், ''அம்மா காலையில் என்ன செய்வாங்க?'' என்று கேட்டேன்.

''நாலரைக்கு எழுந்து எனக்கு டீ போட்டுக் குடுத்துட்டு, நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருப்பாங்க சார்.''

''அதை எழுது!''

எழுதினான். எல்லாம் மூன்றாம் வகுப்பு வார்த்தைகள். 'ஹோம்லி'க்கு அவசியமே இல்லாமல் போயிற்று.