குமாரசாமி ராஜாவின் ஆட்சி: ஒரு மதிப்பீடு

அரபு மொழியில் 'நக்து' என்னும் சொல் திறனாய்வைக் குறிக்கும். அதன் பழைய பொருள் நாணயத்தைச் சோதித்தல் என்பதாகும். வெள்ளிக் காசில் கலப்பு எவ்வளவு என்று உரைத்துப் பார்ப்பவரின் தொழில் அது. ஹதீஸ் கலை வல்லுநர்கள் இச்சோதனையை மனிதர்கள்மீது நடத்தினார்கள். அறிவிப்பாளர் நேர்மையாளர்தாமா என்பது அவர்களின் முதற் கேள்வி; இதனை 'அதாலத்' என்பர். கேட்டதைப் பிசகாமல் காத்து ஒப்படைத்தவரா என்பது அடுத்த கேள்வி, இது 'ளப்து'. முன்னதில் தேறியவர் பின்னதிலும் தேறிவிட்டார் என்று அவர்கள் ஒருபோதும் கொண்டதில்லை. இரவெல்லாம் நின்று வணங்கிய பெரியவர்கள் பலர் அவர்தம் ஏடுகளில் 'பலவீனமானவர்' என்று குறிக்கப்பட்டிருக்கின்றனர்.

நம் நாட்டு அரசியல் தலைவர்களைப் பற்றிய நினைவுக் கட்டுரைகளில் இந்த இரண்டாம் கேள்வி எழுவதே அரிது. இராஜபாளையம் பி. எஸ். குமாரசாமி ராஜாவுக்கும் இதுதான் நேர்ந்திருக்கிறது. அவர் காந்தியவாதி, எளியவர், தம் சொந்த வீட்டையே ஊருக்கு ஈந்தவர். அவ்வீடு காந்தி கலை மன்றமாக நின்று அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. இவை யாவும் உண்மை; போற்றத்தக்கவை. ஆனால் அவரைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் இந்த வீட்டு வாசலிலேயே நின்றுவிடுகிறது. மூன்றாண்டுகள் சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை வகித்த ஒருவரை, வீடு கொடுத்தவர் என்று மட்டும் சொல்லி முடிப்பது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

1898 ஜூலை 8ஆம் நாள் பிறந்த அவர், 1949 ஏப்ரல் 6ஆம் நாள் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாருக்குப் பின் பதவியேற்றார். காங்கிரஸ் கட்சிக்குள் இருந்த பிணக்குகளிடையே காமராஜரின் ஆதரவு அவருக்கு வாய்த்தது. அப்போது அப்பதவிக்குப் பிரதமர் என்று பெயர். 1950 ஜனவரி 26இல் குடியரசு மலர்ந்தபின் முதலமைச்சர் என்றாயிற்று. சட்டமன்றத்தில் அவருக்கு எதிர்வரிசையின் தலைவராக வீற்றிருந்தவர் நம் கண்ணியத்திற்குரிய காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அவர்கள்.

ஆந்திரப் பிரிவினை பற்றி ஆராய 1949இல் அமைந்த குழுவுக்கும் ராஜாவே தலைமை வகித்தார். தெலுங்கு பேசும் குடியில் பிறந்து தமிழ்ச் சீமையில் வேரூன்றியவர் அவர். சென்னை நகரைப் பற்றி டி. பிரகாசம் மாறுபட்ட குறிப்பு எழுதியும் குழுவின் முடிவு மாறவில்லை. தாய்மொழி ஒரு புறம் இழுத்திருக்கக்கூடிய இடத்தில் நடுநிலை வழுவாமல் நின்றார் என்றே இதனை நான் மதிக்கிறேன்.

ஆனால் தனிமனித சுதந்திரம் என்ற உரைகல்லில் அவ்வாட்சி மங்கலாகவே தெரிகிறது. கம்யூனிஸ்டுக் கட்சி தடை செய்யப்பட்டது. 1950 பிப்ரவரி 11இல் சேலம் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கைதிகள் மாண்டனர். பம்பாயில் ரொமேஷ் தாப்பர் நடத்திய 'கிராஸ்ரோட்ஸ்' வார இதழ் மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்று அரசு ஆணையிட்டது; அவ்வாணை செல்லாது என்று 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர், மக்கள் கல்விக் கழகம் என்ற சங்கத்தைச் சட்ட விரோதமாக்கிய செயலும் வி. ஜி. ராவ் வழக்கில் 1952 மார்ச்சில் வீழ்ந்தது. வன்முறையை அடக்க வேண்டிய காலம் அது என்று சிலர் வாதிப்பர். வாதிக்கட்டும். சிறைக் கொட்டடியில் அடைபட்டவனின் உயிர் அரசின் கையிலுள்ள அமானிதம் அல்லவா?

நம் சமுதாயம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது வகுப்புவாரி ஆணையின் கதை. 1947ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் இந்தியக் கிறிஸ்தவருமாகச் சேர்ந்தோருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கீடு இருந்தது. அதாவது நூற்றுக்கு ஏழுக்குச் சற்று மேல். மருத்துவக் கல்லூரி இடம் தொடர்பாகச் செண்பகம் துரைராசன் தொடுத்த வழக்கில் 1950 ஜூலையில் உயர்நீதிமன்றமும், 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றமும் இவ்வாணை அரசியல் சட்டத்துக்கு முரண் என்றன. ராஜாவின் அரசு ஆணையைக் கைவிடாமல் உச்ச நீதிமன்றம் வரை போராடியது. அதன் தோல்வியிலிருந்து எழுந்த கிளர்ச்சியே 1951 ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்துக்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று. இதற்குரிய பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

எனினும் இடிந்ததை மீண்டும் கட்டியபோது நம் பங்கு என்னவாயிற்று? பிற்படுத்தப்பட்டோருக்கு நூற்றுக்கு 25 என்று புதிய ஏற்பாடு வந்தது. முஸ்லிம்கள் என்ற பெயரில் இருந்த தனி இடம் மறைந்தது. லப்பைமார் போன்ற சில பிரிவினர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியல் வழியே பயன் பெற்றது உண்டு. தனிப் பங்கு என்பது மீண்டும் வர 2007 வரை, அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் காத்திருக்க நேர்ந்தது. அப்போது கிடைத்தது 3.5 விழுக்காடு. 1949 மே மாதத்தில்தான், இஸ்மாயில் சாஹிப் எதிர்த்து வாதாடியும், சட்டசபைகளில் நமக்கிருந்த இட ஒதுக்கீட்டை அரசியல் நிர்ணய சபை நீக்கியிருந்தது. அது ராஜாவின் செயலன்று, டில்லியில் முடிவானது. ஆயினும் இரு இழப்புகளும் அவர் பதவியிலிருந்த காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நம்மவர் எழுதிய வரலாறுகளில் முதலாவது விரிவாகப் பேசப்படுகிறது. இரண்டாவதற்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம். கல்லூரிப் படியேற வேண்டிய பிள்ளைகளுக்குச் சட்டசபை நாற்காலியைவிட அந்தப் பதினான்கில் ஒன்று நெருக்கமானது என்பதை நாம் ஏனோ உணரவில்லை.

1952 தேர்தலில் ராஜா ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதியில் நின்று தோற்றார். தமிழக அரசின் முத்திரையில் உள்ள கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூருடையது என்பர் பெரும்பாலோர் (மதுரையினுடையது என்று வாதிடுவோரும் உளர்). அக்கோபுர நிழலிலேயே அரசின் தலைவர் தோற்றது விந்தைதான். பக்தவத்சலம் முதலிய அமைச்சர் பலரும் அத்தேர்தலில் வீழ்ந்தனர். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிட்டியவை 152. உணவுப் பஞ்சமும் ரேஷன் கட்டுப்பாடுகளும் கட்சிப் பூசல்களும் காரணம் என்பர். இன்னொன்றும் உண்டு. 1946இல் சொத்தும் கல்வியும் உடையோரே வாக்காளர். 1952இல் வயது வந்தோர் அனைவரும் வாக்காளர். நூற்பாலைத் தொழிலாளியும், தறிக்காரரும், மலையடிவாரத்து உழவரும் தம் முதலமைச்சரைப் பற்றி முதன்முறையாகக் கருத்துச் சொன்னார்கள். அவருடைய நேர்மையை அவர்கள் ஐயுற்றதாகத் தெரியவில்லை. அரிசி கிடைத்ததா என்று பார்த்தார்கள்.

தோல்விக்குப் பின் அவர் நடந்துகொண்ட விதம் நல்லது. இராஜாஜி தேர்தலைச் சந்திக்காமல் மேலவை நியமனத்தின் வழியே முதலமைச்சரானார், ராஜா ஒதுங்கினார். 1954இல் ஒரிஸ்ஸாவின் ஆளுநராகச் சென்றார். அவருக்கு முன் அப்பொறுப்பில் இருந்தவர் மாநிலச் சீரமைப்புக் குழுவின் தலைமையை ஏற்ற சையித் ஃபஸ்ல் அலி. 1956இல் அங்கிருந்து திரும்பிய ராஜா, 1957 மார்ச் 16ஆம் நாள் தமது 58ஆம் வயதில் காலமானார்.